கையில் ஒரு தாள் இருக்கட்டும்



இந்தப் பத்திரிகையை இனியும் அச்சிடத்தான் வேண்டுமா என்ற கேள்வி எமது கிளைக் கூட்டங்களில் எழுந்திருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் எமது இளைஞர்கள். கடதாசி விலை ஏறிவிட்டது. அச்சுக்கூலி ஏறிவிட்டது. கண்டியிலிருந்து கட்டுக் கட்டாக பஸ்ஸில் ஏற்றி, ஒவ்வொரு டிவிஷனுக்கும் சுமந்துபோய்க் கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும், செலவும் இல்லை என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. பத்திரிகைக்குச் செலவாவது சந்தாப் பணம். மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் வெட்டப்படும் பணம். அது எதற்குப் போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை. எமது பதில் இதுதான்: பத்திரிகை தொடர்ந்து அச்சில் வரும். அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறோம். படித்துவிட்டு உடன்படாதவர்கள் கூட்டத்தில் எழுந்து பேசலாம்.

போன் செய்யும் நன்மையை யாரும் மறுக்க முடியாது. கூட்டம் நடக்கும் இடம் மாறினால் அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிவிக்க முடிகிறது. கூரைத் தகரம் பறந்த லயத்தைப் படம் பிடித்து அன்றைக்கே சங்க அலுவலகத்துக்கு அனுப்ப முடிகிறது. கொழும்பில் கடை வேலைக்குப் போன மகனும், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகளும் தோட்டத்துச் செய்தியை உடனுக்குடன் அறிகிறார்கள். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை பத்திரிகை வரும்வரை காத்திருக்க முடியாது. அவசரச் செய்திக்குப் போன்தான். அந்த வேலையைச் சங்கம் தொடர்ந்து போனிலேயே செய்யும்.

ஆனால் தொழிலாளியின் பிரச்சினை எல்லாம் அவசரச் செய்தி அல்ல. சம்பளம், சேமலாப நிதி, சேவைக்காலப் பணம், வீட்டுக்காணி ஆகியவை மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் இழுபடுபவை. அவற்றில் இன்றைக்குச் சொன்னது நாளைக்கும் இருக்க வேண்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

சம்பளமே நல்ல உதாரணம். 1,000 ரூபா நாட்சம்பளம் என்ற பேச்சை நாம் எத்தனை வருடம் மேடைகளில் கேட்டோம்! அது எமது கைக்கு வந்தது 2021 மார்ச்சில், 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவும் என்று சம்பளச் சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வெளிவந்த பிறகுதான். 2024 மே தினத்தை ஒட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் மறுபடி வர்த்தமானியில் வந்தது. அந்தச் சில மாதங்களில் போனில் ஓடிய கதைகளை நினைத்துப் பாருங்கள். கிடைத்துவிட்டது என்றது ஒரு செய்தி. கிடையாது என்றது மற்றொன்று. பழைய வர்த்தமானியின் படத்தைப் புதியது என்று யாரோ அனுப்ப, அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய் நின்றவர்களும் உண்டு. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது, எது செல்லும், எது செல்லாது என்பதைத் திகதி போட்டு வரிசையாகச் சொல்ல ஒரு தாள் தேவைப்பட்டது.

மேடையில் சொன்னது சம்பளமாகவில்லை. போனில் வந்தது சம்பளமாகவில்லை. வர்த்தமானியில் வந்தது மட்டுமே செக்ரோலுக்குப் போனது. சட்டத்துக்கு முன்னால் எழுத்துக்கு இருக்கும் பலம் இது. இந்தப் பலத்தை எமக்கு எதிராகப் பயன்படுத்தியவர்கள் எமக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

தாளால் கட்டிய காலம்

எமது முன்னோரைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது ஒரு தாள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் ஆட்களின் தலையிலேயே இருக்கும். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத மக்கள், அந்தச் சீட்டின் பேரில் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில்தான் தாளை எமது பக்கம் திருப்பிய ஒருவர் இலங்கைக்கு வந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் என்று பிடிக்கப்பட்ட காலம். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் மக்களின் நிலையைக் கண்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனித் தொழிற்சங்கம் அமைத்து ஹட்டனிலிருந்து நடத்தினார். கவனியுங்கள்: பத்திரிகை முதலில் வந்தது, சங்கம் பிறகு வந்தது. எழுதியதைப் படித்தவர்களும் படிக்கக் கேட்டவர்களும்தான் பின்னர் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் இன்னொரு வழி கண்டார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அச்சு எப்படிப் போய்ச் சேரும்? பாட்டாகப் போய்ச் சேரும். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் அச்சில் வந்தன. துரைக்குத் தெரியாமல் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போகக்கூடிய அளவில் இருக்கும் சின்னப் புத்தகத்துக்கு என்ன வலிமை இருக்கும் என்று நினைக்கலாம். வெளியாள் நுழைய முடியாத இடத்துக்குள் அது நுழைந்தது. அதுவே அதன் வலிமை.

கண்டிக்கு அருகிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. ஹேவாஹெட்டைப் பக்கத்தில் முல்லோயாத் தோட்டம். 16 சதம் சம்பள உயர்வு கேட்டு அங்கு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டங்களில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் அடிபட்டும் நோயுற்றும் மாண்டிருக்கிறார்கள். அவர்களில் அநேகரின் பெயர் எமக்குத் தெரியாது. கோவிந்தனின் பெயர் தெரியும். அந்த மரணம் பற்றி விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. விசாரணை நடந்தது, அறிக்கை அச்சானது, பத்திரிகைகள் எழுதின. 80 வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பெயரை நாம் சொல்ல முடிவதற்கு அதுதான் காரணம்.

தாள் கேட்ட காலம்

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. எமது மக்கள் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க வழி திறந்தது. ஆனால் வழியின் வாசலில் நின்று தாளைக் கேட்டது. மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? பிறப்பைப் பதிந்தவர் கணக்கப்பிள்ளை சொன்ன பெயரைப் பதிந்திருப்பார். செக்ரோல் துரையின் ஆபீசில் இருக்கும். 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

பிறகு 1964 ஒப்பந்தம் வந்தது. கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் முன் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்றும் எமது தோட்டங்களில் இருக்கிறார்கள். ஒரு தாளில் அண்ணன் பெயர், இன்னொரு தாளில் தம்பி பெயர். ஒருவர் கப்பலேறினார், ஒருவர் இங்கே நின்றார். நாடற்றவர் என்ற நிலையை முடித்துவைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வரலாறு உள்ள சமூகம், தாள் எதற்கு என்று இலேசாகக் கேட்டுவிட முடியாது.

அது பழைய கதை, இப்போது எல்லாம் கம்பியூட்டரில் இருக்கிறது என்று இளைஞர்கள் சொல்லலாம். இன்றைய கதையைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சேவைக்காலப் பணச் சட்டப்படி, 5 வருடங்களுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேரும். வேலையை விட்டு 30 நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று எடுத்துக்கொண்டால், ஒரு வருடச் சேவைக்கு 18,900 ரூபா. 25 வருடம் வேலை செய்த ஒரு அக்காவுக்கு 4 இலட்சத்து 72 ஆயிரத்து 500 ரூபா. அவருடைய சேவையில் மூன்று வருடம் பதிவில் இல்லை என்று ஆபீசில் சொன்னால், 56,700 ரூபா போய்விடும். அந்த மூன்று வருடத்தை எதைக் கொண்டு நிரூபிப்பது?

எமது தோட்டங்கள் 1970களில் கம்பனிகளிடமிருந்து அரசுக்குப் போயின. 1992இல் மறுபடி கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. சில இன்னும் அரச முகாமையிலேயே இருக்கின்றன. முகாமை மாறும்போதெல்லாம் பழைய புத்தகங்கள் எங்கோ போய்விடுகின்றன. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கணக்கில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர்களின் பணம் எழுத்துப் பிழையினால் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. தொழில் திணைக்களத்துக்குப் போனாலும், தொழில் நியாய சபைக்குப் போனாலும், முதற் கேள்வி ஒன்றுதான்: அத்தாட்சி கொண்டுவந்தீர்களா? பழைய சம்பளச் சீட்டுகளை அரிசி டின்னில் போட்டு வைத்திருந்த ஒரு தாய் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார். மூன்று போன் மாற்றிய மகன் சொல்ல முடியாது.

இப்போது கொழுந்து மடுவத்துக்கும் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. எண் ஒரு நொடி மின்னி மறைகிறது. கூடைக்குக் கழிவு எவ்வளவு, தண்ணீருக்குக் கழிவு எவ்வளவு என்று பறித்தவருக்குத் தெரிவதில்லை. புதிய கருவி வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. கருவி காட்டிய எண்ணை அந்த இடத்திலேயே தாளில் தர வேண்டும் என்கிறது. சம்பள விபரத்தை போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினாலும், அச்சிட்ட சீட்டும் தர வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தொழிலாளி தன் சம்பளத்தைத் தன் மொழியில் படிக்கக் கேட்பது சலுகை அல்ல. அடுத்த பேச்சுவார்த்தையில் இவை எமது கோரிக்கைகளாக இருக்கும்.

யாருடைய கையில் போன்?

பத்திரிகையை வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் யாருக்குக் கிடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். மலையில் நின்று கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய பெயரிலிருந்தும் சந்தா வெட்டப்படுகிறது. ஆனால் வீட்டில் நல்ல போன் ஒன்றுதான் என்றால் அது யாருடைய கையில் இருக்கிறது? மகனுடைய கையில், அல்லது கணவருடைய கையில். ரீலோட் போடக் காசிருந்தால்தான் டேட்டா. நக்கிள்ஸ் மலைச்சரிவிலும் தெல்தோட்டை, தொளஸ்பாகைப் பக்கத்திலும் எத்தனையோ லயங்களில் சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும். போனில் மட்டும் பத்திரிகை என்றால், அந்த அக்காமார் சங்கச் செய்தியை இன்னொருவர் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். தான் பணம் கொடுக்கும் பத்திரிகை தன் கைக்கு வர வேண்டும்.

அச்சிட்ட பத்திரிகை ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரு பிரதி லயம் முழுக்கச் சுற்றுகிறது. டவுனில் சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் மேசையில் கிடக்கிறது. கண் மங்கிய தாத்தாவுக்கு ஆறாம் ஆண்டு படிக்கும் பேத்தி வாசித்துக் காட்டுகிறாள். அவருக்குச் செய்தி கிடைக்கிறது, அவளுக்கு வாசிப்புப் பழகுகிறது. 'சேமலாபம்', 'வர்த்தமானி', 'இடைக்காலத் தடை' என்ற சொற்களை அவள் முதன்முதலில் அப்படித்தான் கற்கிறாள். போனில் வரும் செய்தியை ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்க்கிறோம். காலை வணக்கப் படங்களுக்கும் சினிமாத் துண்டுகளுக்கும் அடியில் சங்க அறிவித்தல் ஒரு மணி நேரத்தில் புதைந்துவிடுகிறது. எதை முதலில் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று முடிவு செய்பவர்கள் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் கம்பனிக்காரர்கள். தோட்டக் கம்பனியிடமே நியாயம் கேட்டு ஓய்ந்த நாம், செய்தியையும் ஒரு கம்பனியின் தயவில் விட்டுவிடலாமா?

பொறுப்பு என்ற விடயமும் உண்டு. இந்தப் பத்திரிகையில் வெளியிடுபவரின் முகவரி இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. பிழையாக ஏதும் வந்தால் அலுவலகத்துக்கு வந்து கேட்கலாம். அடுத்த இதழில் திருத்தம் போட வைக்கலாம். தலைவர் சென்ற வருடம் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று பழைய இதழை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டலாம். ஆமாம், எமது சங்கத் தலைவருக்கும் அது பொருந்தும். அனுப்பிய செய்தியை அழித்துவிட்டு நான் சொல்லவேயில்லை என்று சொல்ல போன் இடம் கொடுக்கும். அச்சு கொடுக்காது.

கண்டியின் பங்கு

எமது ஊர் இந்த விடயத்தில் வெறும் பார்வையாளர் அல்ல. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை கண்டியில் பிறந்தவர். 1885இல் அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று மதிக்கப்படுகிறது. 1960களில் கண்டியிலிருந்து 'செய்தி' வந்தது, 'மலைமுரசு' வந்தது. பிறகு 'குன்றின் குரல்', 'கொழுந்து' என்று தொடர்ந்தது. தோட்டத்துப் பையன்களின் கவிதையும் கதையும் முதலில் அச்சேறியது இப்படிப்பட்ட சிற்றிதழ்களில்தான். 'கொழுந்து' நடத்திய அந்தனி ஜீவா மலையக வெளியீட்டகம் என்ற பெயரில் எமது மக்களைப் பற்றிய நூல்களை வெளியிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே வரலாறு எழுதிய சாரல் நாடன், பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து நடேசய்யரின் வாழ்க்கையை 1988இல் நூலாக்கித் தந்தார். 1920களின் பத்திரிகைத் தாள்கள் எங்கோ பத்திரமாக இருந்திராவிட்டால், நடேசய்யர் யாரென்றே இன்று எமக்குத் தெரிந்திராது.

அந்த இதழ்களில் அநேகமானவை நெடுங்காலம் நடக்கவில்லை. ஆசிரியர்கள் கைக்காசு போட்டார்கள். வாங்கியவர்கள் காசு கொடுக்க மறந்தார்கள். நல்ல பத்திரிகை என்று புகழ்ந்தவர்களே அதை இரவல் வாங்கிப் படித்தார்கள். பத்திரிகை நின்றதற்கு போன் காரணமல்ல. அப்போது போனே கிடையாது. வாசகர் தாங்கினால் அச்சு நிற்கும், தாங்காவிட்டால் விழும். அன்றைக்கும் இன்றைக்கும் கணக்கு ஒன்றுதான்.

தாளுக்கும் ஆபத்து உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'த ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. இன்னொரு பிரதி இல்லாத ஏடுகளும் அதில் சாம்பலாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. உயிர் தப்பியவர்களில் பலர் பிறப்புச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். அதே நாட்களில் மின்சாரமும் போய், சிக்னலும் போய், போன்களும் ஊமையாகின. தாளும் போனும் இரண்டுமே கைவிட்ட நாட்கள் அவை. ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதே அந்தப் புயல் சொன்ன பாடம்.

ஆகவே தாளுக்கும் போனுக்கும் சண்டை மூட்ட நாம் விரும்பவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் இலங்கைத் தமிழரின் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. மலையகச் சிற்றிதழ்களும் அதில் உண்டு. நின்றுபோன இதழ்களை இன்று எமது பிள்ளைகள் போனிலேயே படிக்கலாம். ஆனால் அவற்றை ஒருவர் முதலில் அச்சிட்டதால்தான், இன்னொருவர் அதைப் பெட்டியில் பாதுகாத்ததால்தான், மூன்றாமவரால் படம் பிடிக்க முடிந்தது. கம்பளைப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எமது பாட்டன்மாரின் காலத்துப் பொருட்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. குப்பை என்று யாரும் எறியாமல் வைத்திருந்ததால் இன்று அவை சாட்சி சொல்கின்றன.

இனிச் செய்ய வேண்டியவை

சங்கம் செய்யப்போவதைச் சொல்கிறோம். பத்திரிகை தொடர்ந்து அச்சில் வரும். வயதானவர்கள் படிக்கும்படி எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சம்பளம், சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் பற்றி வர்த்தமானியிலும் சட்டத்திலும் உள்ளவற்றை, வெட்டி எடுத்து வைக்கக்கூடிய தனிப் பக்கமாகப் போடுவோம். ஒவ்வொரு இதழின் படமும் போனுக்கும் வரும், வெளியூரில் இருப்பவர்கள் பார்க்கட்டும். பழைய இதழ்கள் அனைத்தும் அலுவலகத்தில் வரிசையாகக் கட்டி வைக்கப்படும். எந்த அங்கத்தவரும் வந்து கேட்டுப் படிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியதையும் சொல்கிறோம். சம்பளச் சீட்டுகளை மாத வரிசையில் நூலில் கோத்து வையுங்கள். மழை படாத டின்னிலோ தடித்த பையிலோ போடுங்கள். சீட்டு, அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் பிள்ளை ஒருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். மண் சரிந்தாலும் ஒரு பிரதி தப்பும். பறித்த கிலோவையும் பேர் போட்ட நாட்களையும் ஒரு பழைய கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் தோட்டத் தலைவரிடம் கொப்பியோடு போங்கள். உங்கள் பெயர் செக்ரோலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இந்த மாதமே கேட்டுப் பாருங்கள். ஓய்வு பெறும்போது திருத்துவதைவிட இப்போது திருத்துவது சுலபம்.

கிளைத் தலைவர்கள் மாதத்தில் ஒரு நாள், கோயில் முன்றலிலோ பிரட்டுக்களத்திலோ இந்தப் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். வாசிப்பவர் பாடசாலைப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் தோட்டத்தில் நடப்பதை இரண்டு வரியானாலும் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதைத் திருத்த நாம் இருக்கிறோம். நடந்ததை எழுத உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

இந்த இதழைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். சம்பளச் சீட்டை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பெட்டியில் வையுங்கள்.